வெளியே வராத டிஸ்க்

எங்கள் வீட்டு டிவிடி பிளேயருக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. முன்பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள் பளபளவென்று ஒட்டியிருக்கும். சேர்த்துப் படித்தால் எந்த மொழியிலும் ஒரு சொல்லாக வராது. ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்த என் வீட்டுக்காரர், போர்வைக்கும் பால்மாவு டின்னுக்கும் நடுவில் அதைக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்தார். தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் கனமில்லாமல் இருந்தது.

"இருக்குறதுலயே மலிவா பாத்து வாங்கினீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"பாடுதான்னு பாரு. எடை போட்டா பாக்கப் போற?" என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவிடம், லாத்தா என்றுதான் கூப்பிடுவோம், ஜப்பான் பிளேயர் இருந்தது. கறுப்பு நிறம், நல்ல கனம், பொத்தானைத் தொட்டால் தட்டு சத்தமே இல்லாமல் வெளியே வரும். எங்களுடையதற்கு வெள்ளிப் பூச்சு. விரல் பட்ட இடமெல்லாம் பூச்சு உதிர்ந்து பிளாஸ்டிக் பல்லிளித்தது. தட்டு வெளியே வரும்போது பிள்ளைத்தாய்ச்சி எழுந்திருப்பது போல முனகும். ரிமோட்டை நேராக நீட்டினால் கேட்காது. அலமாரிப் பக்கம் ஒதுங்கி நின்று சாய்வாக நீட்ட வேண்டும். விருந்தாளி வரும் நாளில் அதன்மேல் குரோஷா பின்னல் துணியைப் போட்டு மூடிவைப்பேன். எனக்கு அதைப் பார்த்தே வெட்கமாக இருந்தது. பின்னால் எப்பேர்ப்பட்ட வெட்கம் வரப்போகிறது என்று தெரிந்திருந்தால், அந்தச் சின்ன வெட்கத்தோடு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மலிவுதான் என்றாலும் அது எதையும் வேண்டாம் என்று சொல்லாது. வீட்டில் கம்ப்யூட்டரில் பதிந்த கல்யாண டிஸ்க்குகளைப் போட்டால் லாத்தாவின் ஜப்பான்காரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் துப்பிவிடுவான். எங்களுடையது கீறல் விழுந்தது, பிள்ளைகள் கடித்தது, குழம்புக் கை பட்டது என்று எல்லாவற்றையும் பாடும். விட்ட இடத்தையும் மறக்காது. கரண்ட் போய் வந்தாலும் சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுநாள் செருகினாலும் சரி, டிஸ்க் உள்ளே இருந்தால் யாரும் கேட்காமலே விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். தெருவில் இருக்கும் பெண்கள் கல்யாண டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். நானும் குரோஷா துணியை எடுத்துவிட்டேன்.

எங்களுடையது பள்ளிவாசலை ஒட்டிய நீளத் தெரு. ஆண்களில் பாதிப் பேர் சபராளிகள். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து தலை காட்டுவார்கள். அதனால் பகல் நேரத்தில் வீடுகள் எல்லாம் பெண்களுடையவை. கொல்லைக் கதவு வழியாகப் போவோம், வருவோம். வெயில் காலத்தில் தலையில் துணி இருக்காது, முடி காய்ந்துகொண்டிருக்கும். இந்த நேரத்தில் வீட்டு ஆண் யாராவது வந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும் இல்லையா? அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் வாசலில் நின்று ஒருதரம் செருமுவார். உள்ளே இருக்கும் அடுத்த வீட்டுப் பெண்கள் தலையை மூடிக்கொள்வார்கள், இல்லையென்றால் அடுப்படிக்குள் போய்விடுவார்கள். அதன் பிறகுதான் அவர் காலை உள்ளே வைப்பார்.

என் மாமனாரின் செருமலுக்குத் தெருவிலேயே பேர் உண்டு. முதலில் நீளமாக ஒன்று, மரப்பெட்டியைத் தரையில் நகர்த்துவது போல. பிறகு குட்டியாக இன்னொன்று. லுஹர் தொழுதுவிட்டு மதியம் வருவார், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போனால் பொழுது சாய்ந்து மஃரிப் முடிந்துதான் வருவார். இரண்டு வேளையும் அதே இரண்டு சத்தம்தான். அதிகம் பேசுகிறவர் இல்லை. என்னிடம் "சாப்பிட்டியாம்மா", "தம்பி போன் பண்ணுனானா" என்பதற்கு மேல் பேசிக் கேட்டதில்லை. மாமியிடம், அதாவது என் மாமியாரிடம், அதுவும் கிடையாது. மாமியைக் கூப்பிட வேண்டும் என்றாலும் செருமல்தான். கூடத்தில் உட்கார்ந்து செருமினால் தேத்தண்ணி, குளியலறையிலிருந்து செருமினால் துண்டு, படுத்துக்கொண்டு செருமினால் காற்றாடியைக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம். எந்தச் செருமலுக்கு எது என்று மாமிக்கு ஒருநாளும் தப்பியதில்லை. மாமியும் அவரைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் யார் அழைக்கிறார்கள்? "இந்தாங்க" என்பார், அவ்வளவுதான்.

என் நாத்தனாருக்கு, அதாவது வீட்டின் கடைக்குட்டிக்கு, கல்யாணம் வந்தது. ஆண்கள் பகுதியை ஊர் வீடியோக்காரர் எடுத்தார். பெண்கள் பகுதிக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தோம். பெண்கள் பகுதியில் நாங்கள் தலை திறந்து, நகை போட்டு, பாட்டுப் பாடி, கும்மாளம் அடிப்போம். அதை எந்த ஆணும் பார்க்கக் கூடாது. எடுப்பதும் பெண், பதிவதும் பெண், பார்ப்பதும் பெண்.

மருதாணி வைத்த அன்று மாலை. கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெண் ஆண் வேடம் போட்டுச் சிரிக்க வைப்பது உண்டு. எப்போதும் லாத்தாதான் போடுவார், தன் கொழுந்தனார் மாதிரி நடந்து காட்டுவார். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யார் போடுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மாமி எழுந்து உள்ளே போனார். வாயைத் திறந்தாலே வைகிற மாமி, தலையை மூடும் துப்பட்டி இல்லாமல் கொல்லைக்குக்கூடப் போகாத மாமி. தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவருகே செருமல் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று. நான் பதறிப்போய் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் போட்டார்கள். உள்ளே வந்தது மாமி. மாமாவின் கட்டம் போட்ட கைலி, மாமாவின் வெள்ளைச் சட்டை, மாமாவின் தொப்பி, கக்கத்தில் குடை. மையால் நரைமீசைக்குப் பதில் கறுப்பு மீசை. நின்ற நிலையில் இரண்டாவது தரம் செருமினார். இந்த முறை கடைசியில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்: மூக்கால் ஒரு நீள இழுப்பு, அதோடு புருவம் மேலே ஏறும். கூடம் அதிர்ந்துபோனது.

பொண்டாட்டி வேடத்துக்கு என்னைப் பிடித்து இழுத்தார். அவர் செருமினார், நான் தேத்தண்ணி கொண்டு ஓடினேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுச் செருமினார், துண்டு கொண்டு ஓடினேன். அதுவும் இல்லை. விசிறி, செருப்பு, மூக்குக்கண்ணாடி என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் சுமந்து ஓடினேன். கடைசியில் பொண்டாட்டி களைத்துப்போய்ச் செத்து விழ வேண்டும். விழுந்தேன். மாமி பக்கத்தில் வந்து நின்று, மையமாக, பிணமாகக் கிடக்கிற என்னைப் பார்த்து, எழுந்து வா என்பதுபோல் அதே செருமலைச் செருமினார். செத்துக் கிடக்கிற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மையம் குலுங்கியது. அங்கே இருந்த ஒவ்வொருத்திக்கும் வீட்டில் ஒரு செருமல் இருந்தது. அதனால்தான் அப்படிச் சிரித்தோம்.

பெண்கள் பகுதி டிஸ்க் ஒன்றே ஒன்றுதான், நகல் கிடையாது என்று மாமி கறாராகச் சொல்லிவிட்டார். அதன்மேல் பேர் எழுதாமல் மார்க்கரால் ஒரு பூப் போட்டுக் கொடுத்தாள் அந்தப் பெண். மாமி அதை அலமாரியில், தன் சாவுக்கென்று வாங்கி வைத்திருக்கும் கபன் துணியின் மடிப்புக்கு அடியில் வைத்தார். மாமா கை வைக்காத இடம் வீட்டிலேயே அது ஒன்றுதான்.

அஸருக்கு மாமா படியிறங்கியதும் டிஸ்க் வெளியே வரும். லாத்தாவும் இன்னும் நாலைந்து பேரும் கொல்லை வழியாக வருவார்கள். எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரு கட்டம்தான். "அந்த மூக்கு இழுப்ப மறுவாட்டி போடு புள்ள" என்பார்கள். நான் அலமாரிப் பக்கம் ஒதுங்கி நின்று, ரிமோட்டைச் சாய்த்துப் பிடித்து, பின்னுக்கு ஓட்டி ஓட்டிப் போடுவேன். மாமி முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அப்புறம் அவரே, "இப்ப பாரு, இப்ப பாரு" என்று சொல்ல ஆரம்பித்தார். ஆனால் ஒவ்வொரு தரமும் டிஸ்க்கைத் திரும்ப வாங்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்துச் சொல்வார்: "அவங்க கண்ணுல மட்டும் இது பட்டுடக் கூடாது. பட்டுச்சுன்னா அவங்க மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?"

ஒருநாள் மஃரிபுக்கு வெகுநேரம் முன்பே மாமா திரும்பி வந்துவிட்டார். தலைவலியாம். டிவியில் மாமி செருமிக்கொண்டிருந்தார். வாசலில் மாமா செருமியது ஒருத்தி காதிலும் ஏறவில்லை. இரண்டாவது தரம் செருமினார். லாத்தாதான் முதலில் மிரண்டார். பொத்தானை அமுக்கினேன். தட்டு முனகியது, வரவில்லை. மறுபடி அமுக்கினேன். முனகல்கூட இல்லை. பிளக்கைப் பிடுங்கினேன். பெண்கள் கொல்லைக்கு ஓடினார்கள். மாமா வந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். மாமியும் நானும் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றோம்.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினோம். மாமா இல்லாத நேரத்தில் தலைகீழாகக் கவிழ்த்தோம், தட்டினோம், கத்தி முனையை விட்டு நெம்பினோம். உள்ளே டிஸ்க் லொடலொடவென்று ஆடியதே தவிர வெளியே வரவில்லை. அதற்குள் திருமலைராயன்பட்டினத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வெள்ளிக்கிழமை விருந்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்து ஆண்கள் பகுதியைப் பார்க்க வேண்டுமாம்.

"பிளேயர் பாடலையா? நான் கொண்டுபோய்க் காட்டிட்டு வாறேன்" என்றார் மாமா. வீட்டு வேலை எதிலும் கலந்துகொள்ளாத மனிதர் அன்றைக்குப் பார்த்து முன்வந்தார்.

மாமி என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனார். முகம் வெளிறியிருந்தது. "நீயும் கூடப் போ. தட்டு தெறந்ததும் டிஸ்க்க கையில வாங்கிடு. கடைக்காரன் போட்டுப் பாக்க விட்டுடாத. அவங்க பாத்துட்டா நான் செத்து மவுத்தாப் போயிடுவேன்." தையல் நூல் வாங்க வேண்டும் என்று ஒரு சாக்கைச் சொல்லி, புர்கா போட்டுக்கொண்டு மாமாவோடு ஆட்டோவில் ஏறினேன். பிளேயர் அவர் மடியில் இருந்தது. குழந்தையை வைத்திருப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் அந்த ரிப்பேர் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவு இடம். உள்ளே ஆண்களாக இருந்ததால் நான் பக்கத்து ஃபேன்சி கடைப் படியில் நின்றேன். மெக்கானிக் மூடியைக் கழற்றினார். "பெல்ட்டு வழுக்குது பாய். ரப்பர் பெல்ட்டு. மாத்திட்டா தட்டு வந்துடும்" என்றார்.

"டிஸ்க்க மொதல்ல எடுத்துக் குடுத்துடுங்க" என்று படியிலிருந்தே சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"எடுத்துடலாம்க்கா. கரண்ட் குடுத்தாத்தானே தட்டு வெளிய வரும்" என்றார் அவர். புது பெல்ட்டை மாட்டினார், வயரை எடுத்துச் சோதனைக்கு வைத்திருந்த டிவியில் செருகினார், சுவிட்சைப் போட்டார்.

எங்கள் வீட்டுப் பிளேயர் விட்ட இடத்தை மறக்காது என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பெருமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

செருமல் தெருவில் கேட்டது. ஷேர் ஆட்டோ சத்தம், பஸ் ஹாரன் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்டது. டிவி தெருவைப் பார்த்து இருந்தது. கட்டம் போட்ட கைலியும் தொப்பியும் குடையுமாக மாமி நின்றார், மூக்கால் இழுத்தார், புருவம் ஏறியது. தலையில் துணி இல்லாமல் நான் தேத்தண்ணி கொண்டு ஓடினேன். துண்டு கொண்டு ஓடினேன். என்னுடைய சிரிப்பு கடைத்தெருவில் கேட்டது. உடம்பெல்லாம் கூசி, ஃபேன்சி கடைக் கதவைப் பிடித்துக்கொண்டேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது, புர்காவுக்குள் இருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

ரிமோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். மெக்கானிக் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். புது பெல்ட்டு இறுக்கமோ என்னவோ, தட்டு வராமல் நிதானமாக முனகிக்கொண்டிருந்தது. கடை வாசலில் நின்ற இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள், மாமாவைப் பார்த்தார்கள்.

"பாய், இவரு உங்க அண்ணனா? அசல் உங்கள மாதிரியே இருக்காரே" என்றார் மெக்கானிக்.

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"ஆமா. அண்ணன்தான்" என்றார். "மவுத்தாயிட்டாரு."

சொல்லிக்கொண்டே இரண்டு அடி முன்னால் போய், டிவிக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றுகொண்டார். சின்ன உடம்பு அவருக்கு. முழங்கையை அகட்டி வைத்து மறைத்தார். மற்றவர்களுக்கு மறைத்த படத்தை அவர் மட்டும் பக்கத்தில் நின்று முழுதாகப் பார்த்தார். பொண்டாட்டி செத்து விழுவதையும், செத்தவளைப் பார்த்து அந்த மனிதர் செருமுவதையும், அதற்குக் கூடமே விழுந்து விழுந்து சிரிப்பதையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தட்டு வெளியே வந்தது.

டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆட்டோ பாதித் தூரம் போனது. பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "மாமிகிட்ட டிஸ்க்கு நல்லபடியா வந்துடுச்சுன்னு மட்டும் சொல்லு. நான் பாத்தேன்னு சொல்லிடாத. அவ தாங்கமாட்டா."

"சரி மாமா."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "நான் அப்புடித்தான் கூப்புடுறேனா?" என்று கேட்டார்.

"சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சது மாமா" என்றேன். "ம்" என்றார். வீட்டு வாசலில் இறங்கியதும் எப்போதும்போல் நின்றார். நான் செருமலுக்காகக் காத்திருந்தேன். அவர் என்னை முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மாமி கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். டிஸ்க் கைக்கு வந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்று என் கன்னத்தைத் தடவினார். அன்றைக்குக் காரைக்கால்மேட்டிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் கொடுவா மீன் வாங்கி, தலையை எனக்கென்று எடுத்து வைத்தார். மாமியின் கையால் வாங்கித் தின்ன எனக்கு வாய் கூசியது. முள் குத்துகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பிளேயர் ஒரு குறையும் இல்லாமல் பாடியது. ஆண்கள் பகுதியில் மாமா வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்கிறார், நடுநடுவே செருமிக்கொள்கிறார். சம்பந்திமார் ஊர்க்கதை பேசிக்கொண்டு பார்த்தார்கள். மாமா மட்டும் குனிந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவரைக் கவனிப்பது போலத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் செருமவே இல்லை. நிழல் மாதிரி உள்ளே வந்து நிற்பார். ஒருநாள் லாத்தா முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கும்போது அப்படி வந்துவிட்டார். லாத்தா அலறிக்கொண்டு எழுந்தார். மாமா அதைவிடப் பயந்துபோய் வந்த வழியே தெருவுக்குப் போய்விட்டார்.

"என்ன நீங்க, ஒரு சத்தமில்லாம வந்து நிக்கிறீங்க? வயசுக்கு வந்த பொம்பளைங்க இருக்குற எடம்!" என்று மாமி சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து மாமா உள்ளே வருவதற்குப் பதிலாக வாசலிலேயே நிற்க ஆரம்பித்தார். யாராவது தற்செயலாகப் பார்த்து வாங்க என்று சொல்லும்வரை நிற்பார். மீன்காரம்மாதான் ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினார்: "யக்கா, பாய் வெயில்ல காஞ்சிக்கிட்டு நிக்கிறாரு, உள்ள கூப்புட மாட்டீங்களா?"

அன்றிலிருந்து பள்ளிவாசலில் பாங்கு சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் நான் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வேன். தொப்பி தெரிந்ததும் "மாமா வாராங்க" என்று உள்ளே குரல் கொடுப்பேன். பெண்கள் பூப் போட்ட டிஸ்க்கைக் கேட்டார்கள். பிளேயருக்கு முன்போல் பார்வை இல்லை, படிக்க மாட்டேன் என்கிறது என்று பழியை அதன்மேல் போட்டேன்.

மாமா தண்ணீரைத் தானே மொண்டு குடித்தார். துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஈரத்தோடு வீடெல்லாம் தேடினார். ஒருநாள் தேத்தண்ணி போடப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். மாமிக்கு இது சுகமாக இருக்கும் என்றல்லவா நினைப்போம்? இல்லை. மாமி மிரண்டுபோனார். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் கேட்டார்: "அவங்களுக்கு எம்மேல என்ன கோவம்? ஒரு சத்தத்தக் காணோமே. நான் எதுலயாவது கொற வச்சிட்டேனா? உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

சொல்லவில்லை என்றேன். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்தச் செருமலில்தான் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைத்தான் நான் ரிமோட்டைச் சாய்த்துப் பிடித்துத் தெருவுக்குப் போட்டுக் காட்டினேன். நினைக்க நினைக்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொன்னால் மாமி தாங்கமாட்டார், சொல்லாவிட்டால் மாமா தேய்ந்துகொண்டே போவார். ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு முகம் காட்ட முடியாமல் அந்த வீட்டில் வளைய வந்தேன்.

கடைசியில் மாமியே கேட்டுவிட்டார். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிய மாமாவுக்குத் துண்டை நீட்டிக்கொண்டு, "இந்தாங்க, முந்தி மாதிரி ஒரு சத்தம் குடுத்துட்டு வாங்களேன். வீடு என்னவோ போல இருக்கு" என்றார். கெஞ்சுவது போல இருந்தது. மாமா துண்டை வாங்கி வெகுநேரம் கையைத் துடைத்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் லுஹர் முடிந்த நேரம். வேறு யாரும் இல்லை. மாமி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார், நான் எதிரில் நார் உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குப் போக வேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டார். வாசலில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மாமியின் முகத்தில் சிரிப்பு வரப்போவது தெரிந்தது.

செருமல் வந்தது. நீளமாக ஒன்று. குட்டியாக ஒன்று. அதன் பின்னால், மூக்கால் ஒரு நீள இழுப்பு.

அது மாமாவின் செருமல் இல்லை. மாமி கூடத்தில் நின்று செய்து காட்டிய செருமல். தன்னுடையது எப்படி இருக்கும் என்பது அவருக்கே மறந்து, கடையில் பார்த்தது வந்துவிட்டது.

மாமியின் கை கத்தியோடு நின்றது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மாமா படியேறி உள்ளே வந்தார். மாமி எழுந்தார். பக்கத்தில் மடித்து வைத்திருந்த துப்பட்டியை எடுத்து உதறினார். கட்டிய புருஷன் முன்னால் தலையை மூட வேண்டியதில்லை; மூடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மாமி அதை நெற்றிவரை இழுத்து மூடி, பாதி முகத்தையும் மறைத்துக்கொண்டு, அந்நிய ஆணுக்கு வழிவிடுவது போலச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.